தியாகோ சில்வா: பிரேசிலின் பெரிய ஸ்டாப்பரா, அழுத கேப்டனா?

#1 ஸ்டாப்பர் செல்வம்

ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பிச்ச மேட்ச் முடிஞ்சு தூக்கம் வராம இதை எழுதறேன். 2025 கிளப் உலகக்கோப்பை அரையிறுதி. செல்சீ 2, பிரேசில் கிளப் ஃப்ளூமினென்சே 0. ரெண்டு கோலும் ஜோவோ பெட்ரோ. ஃப்ளூமினென்சே அகாடமியில வளர்ந்த பையன், அடிச்சுட்டுக் கொண்டாடாம ரெண்டு கையையும் தூக்கி மன்னிப்பு கேட்டான். அவனுக்கு எதிர்ல நின்னவருக்கு 40 வயசு. நாலு வருஷம் செல்சீக்கே ஆடினவர். அவர் பெயர்லதான் இந்த இழை.

அமெரிக்கக் கணக்குல தேதி ஜூலை 8. 2014-லயும் அதே ஜூலை 8-லதான் உலகக்கோப்பை அரையிறுதியில பிரேசிலை ஜெர்மனி 7-1. அன்னைக்கு ரெண்டு மஞ்சள் அட்டைக் கணக்கால அவர் ஆட முடியல. நேத்து ஆடினார், தோத்தார். சரியா பதினோரு வருஷம்.

நான் வியாசர்பாடி பக்கம் லீக் ஆடினவன், ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்கறவன். பெரிய ஆளில்லை, முட்டி போய் முப்பதுலயே விட்டாச்சு. ஆனா அந்த இடத்துல நின்னவனுக்கு ஒண்ணு தெரியும். ஃபார்வர்டு ஒன்பது தடவை வெளிய அடிச்சு பத்தாவது உள்ள போனா தோள்ல தூக்குவாங்க. ஸ்டாப்பர் ஒன்பது தடவை நிறுத்திட்டு பத்தாவது விட்டா அந்தப் பத்தாவதைத்தான் டீக்கடையில பேசுவாங்க. தியாகோ சில்வா பேரைச் சொன்னா நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு சிலி மேட்ச்ல அவர் அழுததுதான் ஞாபகம் வருது. 113 தடவை பிரேசில் ஜெர்சி போட்டவர். நாலு உலகக்கோப்பைக்குப் போனவர். மிலான், பாரிஸ், லண்டன்னு மூணு ஊர்லயும் பட்டம் வாங்கினவர். இவ்வளவு இருந்தும் கண்ணீர்தான் மேல நிக்குது. எனக்கு இது அநியாயமாப் படுது. உங்க கருத்து என்ன?

#2 மினெய்ரோ_மறக்கல

அநியாயம் எங்கேயும் இல்ல தல. நடந்ததைச் சொன்னா அவதூறா?

2014 ஜூன் 28, பெலோ ஒரிசோண்டே. சிலியோட 1-1. எக்ஸ்ட்ரா டைம் முடியறப்போ பினியா அடிச்ச பந்து கிராஸ்பார்ல பட்டுத் திரும்புது, பிரேசில் மயிரிழையில தப்பிக்குது. அடுத்து பெனால்டி. சொந்த மண்ணுல உலகக்கோப்பை, கேப்டன் பட்டை கையில. அந்த ஆள் தனியாப் போய் பந்து மேல உக்காந்து அழறார். அது கூடப் பரவாயில்ல. பெனால்டி அடிக்கற வரிசையில என்னைக் கடைசியில போடுங்க, கோல்கீப்பர் ஜூலியோ சேசருக்கும் அப்புறம் போடுங்கன்னு கேட்டார். அவரே வெளிய சொன்ன விஷயம் இது. கேப்டன் இப்படிக் கேட்டா மத்த பசங்க கால் என்ன ஆகும்? நெய்மாருக்கு அன்னைக்கு 22 வயசு. அவன் போய் அடிச்சான், உள்ள போச்சு.

புது கோச் துங்கா வந்த உடனே பட்டையைக் கழட்டி நெய்மாருக்குக் கொடுத்தார். காரணம் இல்லாமலா?

#3 ராசோநேரி நந்தினி

நான் மிலான் ரசிகை, அதனால் பாரபட்சம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கதையை 2014-இல் ஆரம்பிப்பதே தவறு. சிறு வயதில் நடுக்களத்தில் ஆடியவர். ரியோவில் பல கிளப்புகளின் தேர்வில் கழித்துக் கட்டப்பட்டவர். தெற்கே போய் ஆர்.எஸ். ஃபுட்போல் என்ற சின்ன கிளப், பிறகு ஜுவென்டுடே. அங்கிருந்து 2004-இல் போர்ட்டோ வாங்கியது. பயிற்சியாளர் மோரின்யோ சாம்பியன்ஸ் லீக் வென்று கிளம்பிப் போன சூடு ஆறாத போர்ட்டோ. முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, 'பி' அணியிலேயே காலம் போனது. அங்கிருந்து டைனமோ மாஸ்கோ. அங்கே காசநோய்.

2005-இல் அவர் மாஸ்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தது மாதக் கணக்கில். டைனமோவுக்காக ஒரு போட்டியும் ஆடவில்லை. நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாமா என்ற அளவுக்குப் பேச்சு போனது. வெட்டியிருந்தால் கால்பந்து அன்றோடு சரி. 20, 21 வயது, மொழி தெரியாத ஊர். திரும்பி வந்ததும் ஆட்டமே வேண்டாம் என்று இருந்தவரை அம்மாதான் பிடித்துத் தள்ளினார். ஈவோ வோர்ட்மன் என்ற பயிற்சியாளர் 2006-இல் ஃப்ளூமினென்சேவுக்கு அழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்றே ஆண்டில் மிலானின் மூத்த தடுப்பாளர் மால்தீனியோடு பயிற்சி மைதானத்தில் நிற்கிறார். இதை 'அழுமூஞ்சி' என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

#4 மினெய்ரோ_மறக்கல

அழுமூஞ்சின்னு நான் சொல்லவே இல்லையே மேடம். என் பதிவைத் திரும்பப் படிங்க. வியாதி வந்ததுக்கு வருத்தம்தான். ஆனா வியாதி வேற, கேப்டன் பட்டை வேற.

#5 சானடோரியம் ஸ்டேஷன்

வழக்கமா படிச்சிட்டுப் போறவன். இன்னைக்கு எழுதணும்னு தோணிச்சு. வேற, வேறன்னு அவ்வளவு சுலபமாப் பிரிக்க முடியாதுங்க.

2009-ல எங்கப்பாவுக்கு டிபி. வாரத்துக்கு மூணு நாள் போய் நர்ஸம்மா கண் முன்னாடி மாத்திரையை விழுங்கணும். ஒரு கை நிறைய மாத்திரை. முதல் நாள் ஒண்ணுக்குப் போயிட்டு வந்து ரத்தமா வருதுன்னு அலறிட்டார். மாத்திரையால அப்படித்தான் செவப்பா ஆரஞ்சா வரும்னு யாரும் முன்னாடியே சொல்லல. ஆறு மாசம். நாங்க யாரும் சொல்லாமலே அவர் தட்டையும் டம்ளரையும் தனியா எடுத்து வெச்சிக்கிட்டார். எதிர் வீட்டுல ஒருத்தங்க எங்க வாசல் வழியா வர்றதையே நிறுத்திட்டாங்க. அப்பா லாரியில மூட்டை ஏத்தறவர், அழுது நான் பார்த்ததில்ல. கடைசி மாத்திரை முடிஞ்ச அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதார். அதுக்கப்புறம் சின்ன விஷயத்துக்கெல்லாம் கண்ணு கலங்கிடும். டிவியில சீரியல் பார்த்தாக்கூட.

சில்வா ஏன் அழுதார்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். அந்த மேட்சை அப்பாவோட உக்காந்துதான் பார்த்தேன். அப்பா ஒண்ணும் சொல்லல. டிவி சத்தத்தைக் குறைச்சார், அவ்வளவுதான்.

#6 ஸ்டாப்பர் செல்வம்

@சானடோரியம் ஸ்டேஷன் அப்பாவை விசாரிச்சதாச் சொல்லுங்க தம்பி.

@மினெய்ரோ, அந்தக் கடைசி வரிசை விஷயத்தை நானும் தூக்கிப் பிடிக்க மாட்டேன். கேப்டன் முதல் ஆளாப் போகணும்னு சட்டம் இல்ல. ஆனா கோலிக்கும் பின்னாடின்னு கேட்டது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா அடுத்த மேட்சைப் பேசாம விடாதீங்க. ஃபோர்டலேசா, கொலம்பியா. ஏழாவது நிமிஷம், நெய்மார் கார்னர். பந்து எல்லாரையும் தாண்டி பின் போஸ்ட்டுக்கு வருது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நுழைஞ்சு முட்டியால உள்ள தள்ளினார். ஒரு வாரம் பூரா அழுதவன், பயந்தவன்னு பேப்பர்ல கிழிச்சதுக்கு அப்புறம் அடிச்ச கோல்.

அதே மேட்ச்ல 64-வது நிமிஷம்தான் அந்தக் கிறுக்குத்தனம். கொலம்பியா கோலி ஒஸ்பினா பந்தைக் கையில வெச்சிக்கிட்டு அடிக்க எறியறார், இவர் முன்னாடி போய் நின்னு மறிக்கறார். ஒண்ணுத்துக்கும் ஆகாத மஞ்சள். என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு அழுகை இல்ல, இந்த மஞ்சள்தான். பிரேசில் சங்கம் மேல்முறையீடு பண்ணிச்சு, ஃபிஃபா தூக்கிப் போட்டுடுச்சு.

அதனால ஜெர்மனியோட அரையிறுதியில பின்னால தாவீத் லூயிஸும் டான்டேயும். முதல் கோலை யூட்யூப்ல போய்ப் பாருங்க. கார்னர். தாவீத் லூயிஸ் முல்லரைத் துரத்திப் போறார், நடுவுல ஆள் கூட்டத்துல மாட்டிக்கறார், முல்லர் ஆறு கெஜத்துல தனியா நிக்கறார். 23-லிருந்து 29-வது நிமிஷத்துக்குள்ள நாலு கோல். அந்த ஆறு நிமிஷம் பிரேசில்ல யாரும் யாரையும் பார்த்துக் கத்தவே இல்ல. நில்லு, இறங்கு, வெளிய தள்ளுன்னு சொல்ல ஒரு வாய் இல்ல. சில்வா இருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு நான் சொல்லல. ஏழு ஆகியிருக்காது.

#7 மினெய்ரோ_மறக்கல

இருந்தா ஏழு ஆகியிருக்காதா? சரி, நாலு நாள் கழிச்சு மூணாவது இடத்துக்கு நெதர்லாந்து மேட்ச். தடை முடிஞ்சு சார் திரும்ப வந்துட்டார், கேப்டனா. ரெண்டாவது நிமிஷத்துல ராபனைப் பிடிச்சு இழுத்துப் பெனால்டி. கடைசி ஆள், சிவப்பே கொடுத்திருக்கணும், மஞ்சளோட விட்டாங்க. முடிவு 3-0. இதை உங்க பதிவுல காணோமே?

இன்னும் இருக்கு. 2015 கோப்பா அமெரிக்கா காலிறுதி, பராகுவே. பெட்டிக்குள்ள கையில பந்து, பெனால்டி, பிரேசில் போட்டியை விட்டே வெளிய. 2017-ல பார்சிலோனாகிட்ட 6-1, பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி. கேப்டன் யாரு? முதல் லெக் 4-0 ஜெயிச்சப்போ காயம்னு அவர் ஆடவே இல்ல. அன்னைக்கு கிம்பெம்பே பையன் அருமையா ஆடினான். இவர் வந்த ரெண்டாவது லெக்ல மொத்த பேக் லைனும் சொந்தப் பெட்டிக்குள்ளயே ஒடுங்கி உக்காந்துச்சு.

#8 ஸ்டாப்பர் செல்வம்

ராபன் பெனால்டி: ஃபவுல் பெட்டிக்கு வெளிய. ரீப்ளே பாருங்க. ஆனா சிவப்பு கொடுத்திருக்கணும்ங்கறதும் சரிதான். ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு பெனால்டி ஆச்சு.

பார்சிலோனா 6-1-க்கு என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு லைனை மேல ஏத்த வேண்டியது அவர் வேலை. ஏத்தல.

#9 லாசப்பல் குமரன்

வணக்கம் அண்ணையள். நான் பாரிசில இருக்கிறன். 2013 தொடக்கம் பார்க் தே ப்ரான்ஸ் மைதானத்துக்குப் போய் வாறனான். சீசன் டிக்கெட் எல்லாம் இல்லை, லீவு கிடைக்கிற நாளில. ரெஸ்டோரண்ட் வேலை, சனி ஞாயிறு விடுறது கஷ்டம்.

டிவியில பாக்கிறவைக்கு சில்வாவைத் தெரியாது. நான் சண்டைக்குச் சொல்லேல்லை. டிவி பந்துக்குப் பின்னால ஓடும். சில்வா பந்து இல்லாத இடத்திலதான் வேலை செய்யிறவர். நேரில இருந்து பாத்தால், எங்கட ஆக்கள் மற்றப் பக்கம் அட்டாக் பண்ணிக்கொண்டிருக்கேக்க இவர் நடுக்கோட்டுக்குக் கிட்ட நிண்டு பக்கத்து ஆளைக் கையைப் பிடிச்சு ரெண்டு அடி தள்ளி விடுவார். மார்க்கினோஸ் வந்த புதுசில அவனைப் பிள்ளையை மேய்க்கிற மாதிரி மேய்ச்சவர். பிறகு பந்து துலையும், எதிர் அணி நீட்டி அடிக்கும், பாத்தால் அந்தப் பந்து நேர அந்த ரெண்டு அடி தள்ளி நிண்டவன்ரை காலில வந்து விழும். அரங்கத்தில ஒருத்தரும் கை தட்டாது. தட்டுறதுக்கு அங்க என்ன நடந்தது?

2015-16ல லீக்கில 38 ஆட்டத்தில நாங்கள் வாங்கினது 19 கோல். எங்கட ஃபார்வர்டு இப்ராவின்ரை கோலைத்தான் எல்லாரும் எண்ணினது.

2015 மார்ச், செல்சீன்ரை மைதானம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ். இதைச் சொல்லாமல் விட ஏலாது. இப்ராவுக்கு அரை மணித்தியாலத்தில சிவப்பு. பத்துப் பேரோட ஆடி தாவீத் லூயிஸ் 86-இல சமன் செய்யிறான். எக்ஸ்ட்ரா டைமில சில்வான்ரை கையில பந்து பட்டுப் பெனால்டி, அசார் அடிச்சிட்டான். நான் அப்ப லா சப்பலில ஒரு சாப்பாட்டுக் கடையில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். பக்கத்தில நிண்ட மாமா ஒருத்தர், "இவனை நம்பிக் கேப்டன் குடுத்தாங்கள்" எண்டு தூசணத்தில திட்டினார். 114-ஆவது நிமிஷம். கார்னர், சில்வா தலையால அடிக்கிறார், செல்சீ கோலி கூர்ட்வா பாய்ஞ்சு தட்டி விடுறான். திரும்பவும் கார்னர். அதே மனுசன் அதே இடத்தில எழும்பி, இந்த முறை கூர்ட்வாவுக்கு மேலால. 2-2, வெளி மைதானக் கோல் கணக்கில நாங்கள் உள்ளுக்கு. திட்டின மாமா என்னைக் கட்டிப்பிடிச்சதில என்ரை பிளேன்ரீ முழுக்க என்ரை ஷர்ட்டில.

பெனால்டி குடுத்தவன் பதினெட்டு நிமிஷத்துக்குப் பிறகு போய் அதைத் திருப்பி எடுத்தது. இதுக்கு மனசில பலம் இல்லாதவன் எண்டு பேர் வைக்கிறதெண்டால் வையுங்கோ.

#10 கடலோரத்தான்

மக்கா, செம பதிவு குமரன். நான் தூத்தூர்க்காரன், எங்க ஊர்ல பந்து தெரியாதவன் கிடையாது, கேட்டியளா. ஆனா எங்க பெரியவங்க சொல்லுகது லூசியோதான். 2002 உலகக்கோப்பை, 2010 இன்டரோட சாம்பியன்ஸ் லீக், பின்னால இருந்து பந்தை எடுத்துக்கிட்டு காளை மாதி பாய்ஞ்சு வருவான். கோவாக்குக் கூட வந்து ஆடினான். 2015 ஐ.எஸ்.எல். ஃபைனல்ல நம்ம சென்னைக்காரங்க கோவாவை அங்கேயே வெச்சு 3-2.

பிரேசில் ஸ்டாப்பர்னா எனக்கு மெயில்சன்தான். 2018 பெங்களூர் ஃபைனல்ல ரெண்டு ஹெட்டர், கோப்பை சென்னைக்கு. மிச்சமெல்லாம் அப்புறம்.

#11 நெறியாளர்

மெயில்சனுக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கு, லூசியோவா சில்வாவாங்கற சண்டைக்கும் இருக்கு. அங்க போய்ப் பேசுங்க. (ரெண்டு ஹெட்டரும் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது, அது வேற.)

#12 ராசோநேரி நந்தினி

மிலான் காலத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

2008 டிசம்பரில் ஒப்பந்தம், பத்து மில்லியன் யூரோ அளவுக்கு. ஐரோப்பியர் அல்லாதவர் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கு நிரம்பியிருந்ததால் அந்த சீசன் முழுக்க லீக்கில் இறக்க முடியவில்லை. அரை ஆண்டு சும்மா பயிற்சி. யாரோடு? கடைசி சீசன் ஆடிக்கொண்டிருந்த மால்தீனியோடு. 'சும்மா' என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

2010-11, பயிற்சியாளர் அலெக்ரியின் முதல் ஆண்டு. நெஸ்தாவும் சில்வாவும். 38 ஆட்டத்தில் 24 கோல்தான் விட்டோம், பட்டம் எங்களுக்கு. நெஸ்தா ஸ்லைடு போட்டால் அழகாக இருக்கும், சுவரொட்டியில் போடலாம். சில்வா ஸ்லைடே போட மாட்டார். நின்றபடியே ஆள் வரும் வழியை அடைத்து, பந்து ஒரு அங்குலம் காலை விட்டு நகரும் நேரம் பார்த்துக் கால் நீட்டுவார். ஷார்ட்ஸ் அழுக்காகாமல் வீட்டுக்குப் போகிற ஸ்டாப்பர்.

2011 செப்டம்பர், கேம்ப் நோ. குவார்டியோலாவின் பார்சிலோனா, உலகமே பயந்த அணி. 24 நொடியில் பாட்டோ அடித்தான். அப்புறம் ஒன்றரை மணி நேரம் முற்றுகை. 1-2. 92-வது நிமிடம் செடோர்ஃப் கார்னர், சில்வா தலை. 2-2. எங்களுக்கு அது வெற்றி மாதிரி.

2012 கோடையை நினைத்தால் இன்றும் எரிகிறது. முதலில் "போகவில்லை" என்று புது ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலையில் அவரையும் இப்ராவையும் சேர்த்து பாரிசுக்கு விற்றார்கள். நெஸ்தா, கத்தூசோ, செடோர்ஃப், இன்சாகி எல்லோரும் அதே கோடையில் கிளம்பினார்கள். அடுத்த லீக் பட்டத்துக்கு 2022 வரை காத்திருந்தோம். வீட்டை இடித்தவன் முதலில் நடுத்தூணைத்தான் உருவினான்.

#13 மினெய்ரோ_மறக்கல

நல்லா எழுதறீங்க, ஒத்துக்கறேன். கிளப்ல பெரிய ஆள்னு நான் மறுக்கவே இல்ல. என் பேச்சு மஞ்சள் ஜெர்சி பத்தி. 2010-ல பெஞ்ச். 2014 சொல்லியாச்சு. 2018 பெல்ஜியத்தோட காலி. 2022 குரோஷியா, எக்ஸ்ட்ரா டைம்ல ஒண்ணு முன்னாடி இருக்கோம், 117-வது நிமிஷம் எதிர்த்தாக்குதல்ல பெட்கோவிச் கோல். ஒண்ணு முன்னாடி இருக்கற அணி, நாலு நிமிஷம் இருக்கறப்போ ஏழு பேரை மேல அனுப்பிட்டு நிக்குமா? கேப்டன் யாரு? மறுபடியும் இவர்தான்.

#14 ஸ்டாப்பர் செல்வம்

மேல போனவங்களைக் கூப்பிட வேண்டியது நடுக்களமும் கோச் டிட்டேவும். அதுல சில்வா பங்கு இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெட்கோவிச் பந்து மார்க்கினோஸ் கால்ல பட்டுத் திரும்பி உள்ள போச்சு. நம்ம கோலி அலிசனுக்கு வாய்ப்பே இல்ல. அந்த மேட்ச்ல குரோஷியா கோலை நோக்கி அடிச்சதே அந்த ஒண்ணுதான்.

2018 பெல்ஜியம்: எட்டாவது நிமிஷம் கார்னர்ல சில்வா தொடையில பட்ட பந்து போஸ்ட்ல அடிச்சுச்சு. நாலு அங்குலம் உள்ள போயிருந்தா அந்த மேட்சே வேற. போஸ்ட்டுக்கு உள்பக்கம் பட்டவன் வீரன், வெளிபக்கம் பட்டவன் கோழையா?

மஞ்சள் ஜெர்சியில 2013 கான்ஃபெடரேஷன் கோப்பை, மரக்கானாவுல ஸ்பெயினை 3-0, கேப்டன் அவர். 2019 கோப்பா அமெரிக்கா வென்ற அணியிலும் இருந்தார். இதையும் கணக்குல எழுதுங்க, ஒரு பக்கமே எழுதாதீங்க. இன்னொண்ணு, 2022-ல தென் கொரியா மேல ரிச்சார்லிசன் அடிச்ச அந்தக் கோல். பந்தைத் தலையில வித்தை காட்டி மார்க்கினோஸ்கிட்ட கொடுக்கறான், அவன் சில்வாவுக்கு, சில்வா ஒத்தைத் தொடுதல்ல ரெண்டு பேருக்கு நடுவுல ஊசியில நூல் கோக்கற மாதிரி விட்டார். 38 வயசு ஸ்டாப்பர், எதிர் பெட்டி வாசல்ல. சின்ன வயசுல நடுக்களம் ஆடினவர்னு நந்தினி சொன்னாங்க இல்ல, அந்தக் கால்தான் அது.

#15 லாசப்பல் குமரன்

2020ஐயும் நான் சொல்லிப்போட்டுப் போறன். எட்டு வருசம், ஏழு லீக் பட்டம். லெயோனார்டோதான் இவரை மிலானுக்கும் பாரிசுக்கும் கொண்டுவந்த ஆள். அந்த லெயோனார்டோவே கோடையில "புதுப்பிக்கேல்லை" எண்டு சொல்லிப்போட்டார். கொரோனா நேரம். ஆகஸ்ட் 23 லிஸ்பன் ஃபைனல், பார்வையாளர் ஒருத்தரும் இல்லை. கோமான், பாரிஸ் பெடியன், தலையால அடிக்கிறான், பயேர்ன் 1-0. சில்வான்ரை கடைசி ஆட்டம் அது. எங்கட மைதானத்தில அவருக்கு ஒரு பிரியாவிடை இல்லை. என்னட்டை இருக்கிற நம்பர் 2 ஜெர்சியை அண்டைக்கு இரவு போட்டுக்கொண்டு வீட்டில இருந்தன், வேறென்ன செய்ய.

#16 ராசோநேரி நந்தினி

அதற்குப் பிறகு நடந்தது கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். 35 வயதில் சும்மா, ஒரு பைசா கைமாறாமல் செல்சீ எடுத்துக்கொண்டது. முதல் பிரீமியர் லீக் ஆட்டம் வெஸ்ட் பிரோம், கடைசி ஆளாக நின்று பந்தைக் கட்டுப்படுத்தத் தவறி கோல் கொடுத்தார். "கிழவனை எடுத்தார்கள்" என்று லண்டனே சிரித்தது. டிசம்பரில் பாரிஸ் தன் பயிற்சியாளர் டூகலைத் துரத்தியது, ஜனவரியில் அவர் செல்சீக்கு வந்தார். மூன்று பேர் பின்வரிசை, நடுவில் சில்வா. லிஸ்பனில் தோற்ற பயிற்சியாளரும் கேப்டனும் ஒன்பது மாதம் கழித்து அதே கோப்பையைத் தூக்கினார்கள்.

எந்த ஊரில் தெரியுமா? போர்ட்டோ. 'பி' அணியிலேயே வைத்து அனுப்பிய கிளப்பின் மைதானத்தில். காயத்தில் 39-வது நிமிடமே வெளியே வந்துவிட்டார், மிச்சத்தை கிறிஸ்டென்சன் பார்த்துக்கொண்டான். வெளியே வரும்போதும் கண்ணைத் துடைத்தார் என்று யாராவது எழுதுவதற்குள் நான் கிளம்புகிறேன்.

#17 மினெய்ரோ_மறக்கல

:) எழுத மாட்டேன்.

சரி, ஒண்ணு ஒத்துக்கறேன். நேத்து மேட்ச் நானும் பார்த்தேன். இதே கோப்பையில இத்தாலி கிளப் இன்டரோட ஆடின மேட்சும் பார்த்தேன். போன வருஷம் அவர் ஃப்ளூமினென்சேவுக்கு வந்தப்போ அணி அடிமட்டத்துல கிடந்துச்சு, கடைசி நாள் வரை தவிச்சுத்தான் கீழ் டிவிஷன்ல விழாம தப்பிச்சாங்க. அங்கேருந்து இப்போ அரையிறுதி. பின்னால கோல்ல ஃபாபியோவுக்கு 44, முன்னால இவருக்கு 40. ரெண்டு பேர் வயசைக் கூட்டினா 84. இன்டர் ஃபார்வர்டுங்க லௌதாரோவும் துராமும் ஒரு கோல் அடிக்க முடியல. கேப்டனா என் மதிப்பு மாறல. ஸ்டாப்பரா ஆள் ஆள்தான்.

#18 பேக்_நம்பர்3

அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ, ஸ்கூல் டீம்ல ஸ்டாப்பர். உயரம் கம்மி, ஸ்பீடும் பெருசா கிடையாது. கோச் என்னை மாத்திடுவார்னு பயமா இருக்கு. செல்வம் அண்ணா, சில்வாவோட எந்த மேட்சைப் பார்த்தா கத்துக்கலாம்?

#19 ஸ்டாப்பர் செல்வம்

தம்பி, ஹைலைட்ஸ் பார்க்காத. அதுல ஸ்டாப்பர் இருக்கவே மாட்டான். இன்டர் மேட்சை முழுசாப் போடு. முதல் பாதி மட்டும் போதும். பந்தைப் பார்க்கக் கூடாது, அதான் கண்டிஷன். பந்து எங்க போனாலும் உன் கண்ணு 3-ம் நம்பர் மேலயே இருக்கணும். அவர் ஃபிரேமுக்கு வெளிய போயிட்டா காத்திரு. திரும்ப உள்ள வரும்போது எங்கேருந்து வர்றார்னு பாரு.

கஷ்டமா இருக்கும். பத்து நிமிஷத்துல போரடிக்கும். விடாத.

#20 பேக்_நம்பர்3

பார்த்தேன் அண்ணா. இருபது நிமிஷத்துல தலையை எத்தனை தடவை திருப்பறார்னு எண்ண ஆரம்பிச்சேன். லெஃப்ட், ரைட், பின்னாடி, திரும்ப லெஃப்ட். நூறு தாண்டினப்புறம் கணக்கு விட்டுப்போச்சு. ஓடவே மாட்டேங்கறார், ஆனா துராம் பந்து வாங்கறப்போ எல்லாம் அங்கதான் நிக்கறார்.

#21 ஸ்டாப்பர் செல்வம்

நல்லது. இப்போ ரெண்டாவது பாதியைப் போடு. தலையை விட்டுட்டு அவர் கையை மட்டும் பாரு.